மணியின் பிறந்தநாள்

9 பிப்ரவரி, ஞாயிறு

தாம்பரத்தில் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என் வீட்டுக்காரரின் சித்தப்பா. "சட்டம் படிச்சிட்டு இன்னும் கோர்ட்டுப் பக்கமே போகலியாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் வேலாயுதம் முந்திக்கொண்டார். "அவ கம்ப்யூட்டர்ல வக்கீல் வேலை பாக்கா சித்தப்பா." சித்தப்பா, "ஓ, டைப்பிங்கா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

இசக்கியம்மாள், பி.எல். ஆகிய நான் பார்க்கும் வேலையை இந்த டைரியிலாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் வழக்குப் போட்டுக்கொண்டால், வழக்கோடு சம்பந்தப்பட்ட மெயில், சாட், கோப்பு எல்லாவற்றையும் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஊர்ச் சட்டம் அப்படி. லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தோண்டி எடுத்து, படித்து, இது சம்பந்தமுள்ளது, இது சம்பந்தமில்லாதது, இது வக்கீலும் கட்சிக்காரரும் பேசிய ரகசியம், வெளியே போகக் கூடாது என்று பிரிப்பவர்கள் நாங்கள். இ-டிஸ்கவரி என்று பெயர். பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டடத்துக்குக் கட்டடம் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. நான் மண்டையை உடைத்துக்கொள்ளும் சிக்கலை எதிர்க் கட்டடத்தில் போன வருஷமே அவிழ்த்திருப்பார்கள். ஆனால் கேட்க முடியாது. வெளியே வாயைத் திறப்பதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

டாக்டர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு இருக்கிறது. பந்தலில் சீரியல் பல்பு கட்டுபவர்களுக்கும் இருக்கிறது, இன்று மண்டப வாசலில் போர்டு பார்த்தேன். எங்களுக்கு மட்டும் இல்லை. நான் ஆரம்பிக்கப் போகிறேன்.

முன்பு என் டீமில் இருந்து, இப்போது வேறு வேறு கம்பெனிகளில் இருக்கும் இருவரிடம் போனில் பேசினேன். ஃபசீலா ரிவ்யூ டீம் லீட். மெயில் படிப்பதில் புலி. தேவசகாயம் நாகர்கோவில்காரன், போன், லேப்டாப்பிலிருந்து அழிந்ததை மீட்டெடுப்பவன். இருவரும் சரி என்றார்கள். எனக்குத் தலைவர் பதவியெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

1 மார்ச், சனி

மின்சான்றுக் கூடல். பெயர் நான் வைத்தது. துரைப்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் வகுப்பறையைச் சனிக்கிழமை மதியம் கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. வளர்ந்த மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம்.

வந்த எல்லோரும் ஊமையாக இருந்தார்கள். "உங்க புராஜெக்ட் எப்படி?" என்று கேட்டால் "நல்லா போகுது." "என்ன மாதிரி வழக்கு?" "வழக்கு மாதிரி." பெண் பார்க்க வந்த வீடு தோற்றது. அரைமணி நேரம் சுவரில் இருந்த தனிம அட்டவணையைப் பார்த்துக்கொண்டு மிக்சர் சாப்பிட்டோம்.

அப்போது என் மண்டையில் உதித்ததுதான் காய்கறி வழக்கம். கம்பெனிக்குக் காய்கறிப் பெயர் வைக்க வேண்டும். ஊர், தேதி, ஆள் பெயர், வழக்கின் விவரம் எதுவும் கூடாது. சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். நானே ஆரம்பித்தேன். "ஒரு வெண்டைக்காய் கம்பெனி. ஒரே மெயில் ஒன்பது பேர் பெட்டியில் இருக்கு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் மாறி இருக்கு." உடனே பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "எங்க முருங்கைக்காய்லயும் அதே கதைதாங்க" என்றார். அதற்கப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. டியூஷன் சென்டர்காரர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

கூட்டம் முடிந்து வாசல் டீக்கடையில் தேவசகாயமும் ஃபசீலாவும் வழக்கம்போல ஒரே வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றார்கள். பழைய ஆபீஸில் இருந்தபோதே அப்படித்தான். அவன் பெரிய பாதியை எடுத்துக்கொள்கிறான் என்று அவளுக்குத் தீராத வழக்கு.

ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. இதைவிட வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

5 ஏப்ரல், சனி

தேவசகாயம் வரவில்லை. அக்கா மகளுக்கு ஊரில் சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் விழா.

ஃபசீலா ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். அவளுடைய க்ளையன்ட். ஆட்கள் போனை மாற்றியதில் ஒரு வாரத்துச் சாட் ஃபசீலாவின் டீமுக்கு வந்து சேரவில்லை. பழைய போன்கள் ஒரு மேஜை டிராயரில் கிடப்பதாக ஒரு மெயிலில் பார்த்திருக்கிறாள். "எதிர்த் தரப்பு கேக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்னு எங்க மேனேஜர் சொல்றார். நாமளா சொல்லணுமா, வேண்டாமாக்கா?"

காரசாரமாகப் பேசினோம். எதிர்த் தரப்பிடம் சொல்வது வக்கீல்கள் முடிவு. ஆனால் போன் இருக்கிறது என்று அந்த வக்கீல்களுக்கு நீ எழுத்தில் சொல்லிவிட வேண்டும், அதோடு உன் கடமை முடிந்தது என்று ஒரே குரலில் முடிவானது. அவள் முகம் தெளிந்தது. திங்கட்கிழமையே எழுதிவிடுவதாகச் சொன்னாள்.

இதைத்தான் நான் நினைத்தேன். இதற்காகத்தான்.

17 மே

தண்ணீர் லாரி வரவில்லை. ஆர்.ஓ. பில்டர் மாற்றினோம். கூடலில் சேர ஹைதராபாத்திலிருந்துகூடக் கேட்கிறார்கள். நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று புகார்.

7 ஜூன், சனி

இன்று பக்ரீத் என்பதைப் பார்க்காமல் கூட்டம் வைத்துவிட்டேன். ஃபசீலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நடத்துங்கக்கா, பிரியாணி அனுப்பறேன்" என்றாள். அனுப்பினாள்.

தேவசகாயம் ஒரு சுரைக்காய் சொன்னான். எதிர்த் தரப்பு கொடுத்த சாட்டில் ஒரு வாரம் மட்டும் ஓட்டை. வேண்டுமென்றே அழித்தார்களா, தானாகப் போனதா என்று எப்படிக் காட்டுவது? சாட் காணாமல் போவது எங்கள் தொழிலில் எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்கு. ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

கடைசி அரைமணி நான் புதிதாகச் சேர்த்த சிரிப்பு நேரம். வேலையில் நாங்கள் 'சம்பந்தமில்லாதது' என்று ஒதுக்கித் தள்ளுபவைதான் உண்மையில் படிக்கச் சுவையானவை. சமையல் குறிப்பு, காதல், வாடகைச் சண்டை. அவற்றைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். தேவசகாயம் தன் சுரைக்காய் வழக்கில் எதிர்த் தரப்புக் கம்பெனியின் கிடங்கு நாயைப் பற்றிச் சொன்னான். நாயின் பெயரை இங்கே எழுத மாட்டேன். மணி என்று வைத்துக்கொள்வோம். பனிக்காலத்தில் மணிக்குப் பிறந்தநாள். பனியில் மணிக்குக் காகிதக் குல்லாய் மாட்டிப் படம் எடுத்து ஊழியர் அத்தனை பேருக்கும் மெயில் போகும். அத்தனை பேரும் அத்தனை பேருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். ஒரு வருஷம் கணக்குப் பிரிவு மேலாளர் "இதை நிறுத்துங்கள்" என்று எழுத, அவரைத் திட்டி இன்னும் நூறு மெயில். "எனக்க சொந்தக்காரங்க பிறந்தநாளு எனக்குத் தெரியாது. மணிக்க பிறந்தநாளு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்" என்றான். ஒருவர் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார்.

28 ஜூன்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முதல் ஆண்டுக் கூட்டம். தரமணியில் நிஜமான அரங்கம், மேடை, மைக். ஐந்து கம்பெனிகள் தங்கள் ஆட்கள் வர எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டன. வாசல் வாசலாக ஏறி இறங்கி நான் வாங்கியது. மேடையில் ஃபசீலாவும் தேவசகாயமும் பேசுகிறார்கள். அன்றைக்கே தலைவர் தேர்தலும். நான் நிற்பதாக இல்லை.

அரக்கும் பச்சையுமாக ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். எப்படியும் தீபாவளிக்கு வேண்டும்.

12 ஜூலை, சனி

ஃபசீலா மாம்பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். மேடைப் பேச்சை எனக்குப் பேசிக் காட்டினாள். நன்றாகப் பேசுகிறாள். தலைவலி. மாம்பழம் புளிப்பு.

13 ஜூலை, ஞாயிறு

நேற்று முழுவதையும் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஃபசீலா பேச்சை ஒரு சிரிப்புக் கதையோடு ஆரம்பித்தாள். "என் பூசணிக்காய் கம்பெனியோட கிடங்குல ஒரு நாய் இருக்குக்கா. பனியில குல்லா போட்டு அதுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவாங்க." கணக்குப் பிரிவு மேலாளர் வரை சொன்னாள். நானும் சிரித்தேன். கை மட்டும் மாம்பழத்தை வெட்டாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரே நாய். ஒரே வழக்கு. ஃபசீலாவும் தேவசகாயமும் எதிரெதிர்த் தரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அது இருவருக்கும் தெரியாது. அவன் தேடும் அந்த ஒரு வாரம் எந்த டிராயரில் கிடக்கிறது என்று அவள் ஏப்ரலில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். அன்று அவன் இல்லை. அவன் ஓட்டையைப் பற்றிச் சொன்ன அன்று அவள் இல்லை. இரண்டையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளிடமும் மணி இருப்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆகஸ்ட் ஒன்பதில் அவள் மேடையில் இந்தக் கதையைச் சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கும் தேவசகாயத்துக்கு அந்த நிமிஷமே அவள் எதிர்த் தரப்பு என்று தெரிந்துவிடும், டிராயரைப் பற்றி ஏப்ரலில் கேட்ட யாராவது அவனிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பிறகு அவள் வேலை போகும். கூடலும் போகும். எந்தக் கம்பெனியும் தன் ஆட்களை எங்கள் பக்கம் விடாது.

பெயரை எடுத்தோம், ஊரை எடுத்தோம், தேதியை எடுத்தோம். நாயை விட்டுவிட்டோம். சம்பந்தமில்லாதது என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தவள் நான்.

ஃபசீலாவிடம் நாய்க் கதையை மட்டும் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. கூட்டம் நடக்கும்.

வேலாயுதத்திடம் விவரம் சொல்லாமல், வேலையில் ஒரு சிக்கல் என்று மட்டும் சொன்னேன். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. ஃபேனைத் துடைத்துக்கொண்டே, "சிக்னல்ல சந்தேகம் வந்தா மொதல்ல வண்டிய நிப்பாட்டுவோம். யாரு தப்பு, என்னத்துக்கு லேட்டுன்னு அப்புறமா ஏச்சு வாங்கிக்கலாம்" என்றார். அப்புறம், "ஸ்டூல பிடிச்சுக்கோ, ஆடுது" என்றார்.

14 ஜூலை, திங்கள்

மதியம் தேவசகாயத்தை டீக்கடைக்கு வரச் சொன்னேன்.

"சுரைக்காய் விஷயத்த இனிமே கூடல்ல பேச வேண்டாம், தேவசகாயம்."

"ஏன்க்கா, யாரும் ஏதும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். டம்ளரைக் கீழே வைத்தான். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கையை உயர்த்தினான்.

"நில்லுங்கக்கா. ஏன்னு சொல்லாதீங்க. சொன்னா எனக்குத் தெரிஞ்சு போவும். ரெண்டே ரெண்டு கேக்கேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஜூன்ல சொன்னது அந்தப் பக்கத்து ஆளுக்க காதுல விழுந்துச்சா?"

"இல்ல."

"அந்தப் பக்கத்துது எதும் எனக்க காதுல விழுந்துச்சா?"

"இல்ல."

"போதும். நான் பேசுனது தப்புதான். சாயங்காலமே எங்க மேனேஜர்ட்ட சொல்லிருதேன்."

டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கம் யார் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை இருந்திருக்காதா? இருந்திருக்கும். எங்கள் வேலையின் முதல் பாடம் அது. பார்க்கக் கூடாத காகிதம் கைக்கு வந்தால் அடுத்த வரியைப் படிக்காதே, மூடு, சொல். வேலையில் அதைச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் சொந்த ஆசைக்கு எதிராக டீக்கடையில் செய்தவனை இன்றுதான் பார்த்தேன். என்னிடம் தொழில் பழகியவன் அவன். நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுகையும் வந்தது, மறைப்பானேன்.

15 ஜூலை

ஃபசீலாவிடமும் அதே அளவுதான் சொன்னேன்: பூசணிக்காயும் நாய்க் கதையும் இனி கூடலில் வேண்டாம். ரொம்ப நேரம் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஏப்ரல்ல நான் சொன்னது போய்ச் சேந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். நானே ஆபீஸ்ல சொல்றேன்கா. வேற யாராவது சொல்லி அவங்களுக்குத் தெரியறது நல்லா இருக்காது."

பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தேன். அவளுக்கு வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள்.

19 ஜூலை

ஐந்து கம்பெனிகளுக்கும் நான் மெயில் அனுப்பினேன். எங்கள் கூட்டத்தில் சொல்லக் கூடாதது சொல்லப்பட்டது, நிறுத்திவிட்டோம், சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் ஆபீஸில் தாங்களே சொல்லிவிட்டார்கள், நடக்கும் வழக்கின் சிக்கலைக் கேட்பதும் சிரிப்பு நேரமும் ரத்து, அவற்றை வைத்தவள் நான். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு மாவாட்டினேன்.

22 ஜூலை

இரண்டு கம்பெனிகள் அனுமதியைத் திரும்ப வாங்கிவிட்டன.

24 ஜூலை

இன்னொன்றும்.

ஃபசீலாவுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம், வேறு புராஜெக்ட். தேவசகாயத்துக்கும் அதே. அந்த வழக்கில் இனி இருவரும் இல்லை. ஆனால் வழக்கு முடியும்வரை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இருவருமே மேடையில் பேசவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேச்சாளர் பட்டியலிலிருந்து இரண்டு பெயரையும் ஒரே நாளில் எடுத்தேன். அதைப் பார்த்து இரண்டும் இரண்டும் நாலு என்று இருவரும் கணக்குப் போட்டிருப்பார்கள். காகிதக் குவியலிலிருந்து உண்மையைப் பொறுக்கி எடுப்பதுதானே அவர்கள் பிழைப்பு.

புடவைக்கு இன்னும் ஃபால்ஸ் அடிக்கவில்லை. எதற்கு.

30 ஜூலை

மீதி இரண்டு கம்பெனிகளில் பெரியதிலிருந்து மெயில். "தப்பு நடந்தால் எங்களிடம் வந்து சொன்ன முதல் கூட்டம் உங்களுடையது. எங்கள் ஆட்கள் வருவார்கள். எங்கள் சட்ட அதிகாரி ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்." எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்லிவிட்டேன்.

ஃபால்ஸ் கடைக்காரரிடம் அவசரம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

9 ஆகஸ்ட், சனி

அரங்கம் பாதி காலியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கடைசியில் சுவரோரம் நிற்க வேண்டி வந்தது. அனுமதி தராத கம்பெனிகளிலிருந்தும் சிலர், வேலை பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம், கேட்க மட்டும் வருகிறோம் என்று மேனேஜரிடம் மன்றாடி வந்திருந்தார்கள்.

என் பாடுதான் திண்டாட்டம். புது விதி கொண்டுவர வேண்டும். ஏன் என்று சொல்ல முடியாது. "சம்பந்தமில்லாததும் ரகசியம்தான். இனி நடக்கும் வழக்கிலிருந்து ஒரு துளிகூட, சிரிப்புக்காகக்கூட, இங்கே வரக் கூடாது. பாடமாகக் கற்பனை வழக்கு நாமே எழுதிக்கொள்வோம்" என்றேன். நடுவிலிருந்து ஒருவர், "சிரிப்பு நேரமும் கெடையாதுன்னா எதுக்கு மேடம் சனிக்கிழமை வர்றது?" என்றார். ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. காரணம் சொன்னால் மணியைச் சொல்ல வேண்டும்.

அப்போது இடது மூலையில் தேவசகாயம் எழுந்தான். "விதிக்கு நான் ஆதரவு." அடுத்த நொடி வலது மூலையிலிருந்து ஃபசீலா எழுந்தாள். "நானும்." இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை பெரிய அரங்கத்தில் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முணுமுணுப்பு நின்றது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசி வரிசைச் சட்ட அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கைதட்டினார், அவருக்கு ஓட்டே கிடையாது.

தலைவர் நானாம். வேண்டாம் என்று சொன்னேன், ரொம்பச் சத்தமாகச் சொல்லவில்லை. புடவை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

இடைவேளையில் ஃபசீலா ஒரு முழு பஜ்ஜியை வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். பாதிக்கு மேல் தின்னவில்லை.

16 நவம்பர்

வேளச்சேரியில் சீமந்தம். அதே சித்தப்பா. "இன்னும் டைப்பிங்தானாம்மா?" வேலாயுதம் வாயிலிருந்த லட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "டைப்பிங் இல்ல சித்தப்பா. ரெண்டு கம்பெனி சண்டை போட்டா, எந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போணும், எது போகக் கூடாதுன்னு பிரிக்கிறவ. அந்த ஆட்களுக்கெல்லாம் சங்கத் தலைவி." சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாம்பார் சாதத்தில் கவனமாக இருந்தேன்.

7 பிப்ரவரி, சனி

கூடலுக்கு வயது ஒன்று ஆகப்போகிறது. கற்பனை வழக்குகள் நன்றாக ஓடுகின்றன. இன்றைக்குப் பீர்க்கங்காய் கம்பெனி முதலாளி ஒரு குரங்கு வளர்க்கிறார். எழுதியவர் கற்பனைதான் என்று மூன்று முறை சத்தியம் செய்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். டீக்கடை பெஞ்சில் தேவசகாயமும் ஃபசீலாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. நடுவில் பேக்கரி அட்டைப்பெட்டியில் ஒரு சின்ன கேக். பெயர் எழுதாத கேக். கேக்கின் உச்சியில் காகிதத்தில் செய்த ஒரு குட்டிக் குல்லாய்.

அமெரிக்காவில் எங்கேயோ ஒரு வழக்கு முடிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. டிராயரிலிருந்த போன்கள் வெளியே வந்தனவா, யார் ஜெயித்தார்கள், எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வழக்கு முடிந்தாலும் நாங்கள் போட்ட கையெழுத்து முடியாது.

தேவசகாயம் பிளாஸ்டிக் கத்தியால் கேக்கை வெட்டினான். பெரிய பாதியை ஃபசீலா பக்கம் தள்ளினான். அவள் அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து என்னிடம் நீட்டினாள்.

"யாருக்குங்க பிறந்தநாள்?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

மூன்று பேரும் வாயில் கேக்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.